மூன்று வரைபடங்கள், ஒரு மோட்டார்

என் வீட்டுச் சாப்பாட்டு மேசை கொள்ளாத அளவில் மூன்று பழைய மாதிரி விமான வரைபடங்கள். அண்மையில் பணி ஓய்வு பெற்ற நண்பர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டுவிட்டு, “இந்த மூன்றில் ஒன்றைத்தான் கட்டப்போகிறேன். எண்ணெய், புகை எதுவும் வேண்டாம், மின்சார மோட்டாரில் பறக்கவேண்டும். எதைக் கட்டட்டும், நீங்களே சொல்லுங்கள்” என்றார். கல்லூரிக் காலத்தில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது பால்சா மரத்தைப் பிளேடால் அறுத்து மாதிரி விமானம் செய்தவர். அந்த ஆசை நாற்பது வருடமாக ஒவ்வொரு பணிமாற்றத்திலும் அவரோடு மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறது.

முதல் வரைபடம் ஜூனியர் 60. 1946-இல் பிரிட்டனின் கீல் கிராஃப்ட் நிறுவனத்துக்காக ஆல்பர்ட் ஹேட்ஃபுல் வரைந்தது. பெயரில் உள்ள 60, இறக்கையின் நீளம்: 60 அங்குலம், அதாவது ஒன்றரை மீட்டர். இரண்டாவது ரேடியோ குவீன், கர்னல் டாப்ளின் என்ற பிரிட்டிஷ்காரருடையது. 7 அடி இறக்கை. மூன்றாவது பிளேபாய் சீனியர், 1940-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நிறுவனம் விற்றது, ஜோ எல்ஜின் வடிவமைத்தது, 80 அங்குலம்.

மூன்றுமே அழகானவை. ஆனால் மூன்றும் மூன்று வேறு வேலைக்குப் பிறந்தவை. மின்மோட்டாருக்கு மாற்றும்போது அந்தப் பிறவிக்குணம்தான் முன்னால் வந்து நிற்கும். மோட்டார் எது, பேட்டரி எது என்று முதலில் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிக் கேட்டவன்தான். கேட்கவேண்டிய முதல் கேள்வி, மூக்கில் எடுக்கப்போகும் எடையை எங்கே திருப்பி வைக்கப்போகிறோம் என்பது.

அதற்குமுன் ஓர் ஆட்சேபத்தை முடித்துவிடலாம். “மின்சாரத்தில் பறந்தால் அது பழைய விமானமா?” என்று கேட்கும் தூய்மைவாதிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரேடியோ குவீனின் கதையைச் சொல்வேன். 1954-இல் ஆங்கிலக் கால்வாயை எஞ்சினோடு தாண்டியது இந்த வடிவம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1957 ஜூன் 30 அன்று, டாப்ளின் அதே ரேடியோ குவீனில் நிலைக்காந்த மோட்டார் ஒன்றையும் வெள்ளி-துத்தநாக பேட்டரியையும் வைத்துப் பறக்கவிட்டார். மின்சாரத்தில் ரேடியோ கட்டுப்பாட்டோடு பறந்ததாக அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் விமானம் அதுதான். ஆக, பழைய மாதிரியை மின்மயமாக்குவதே பழைய வழக்கம்.

இன்னொன்றும் உண்டு. 1930களின் பெட்ரோல் எஞ்சின்கள், புகழ்பெற்ற பிரவுன் ஜூனியர் உட்பட, தீப்பொறிப் பிளக்கில் ஓடியவை. அதற்கு ஒரு காயில், ஒரு கண்டென்சர், பேட்டரிகள் என ஒரு குடும்பமே விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தன் கம்பியின் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கை ரே ஆர்டன் 1947-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தச் சுமை இறங்கியது. அக்கால வடிவங்கள் பலவற்றின் மூக்கில் பேட்டரிக்கு இடம் இருப்பது தற்செயல் அல்ல. நாம் அந்த இடத்தைத் திரும்பக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

மூக்கும் வாலும்

எடைக் கணக்கு எளிது. பின்னாளில் இத்தகைய விமானத்தில் பொருத்திய 6.5 சிசி குளோ எஞ்சின், சைலன்சரோடு சுமார் 350 கிராம். அதே வேலையைச் செய்யும் பிரஷ்லெஸ் (உராயும் கரித்துண்டு இல்லாத) மோட்டார் சுமார் 140 கிராம். மூக்கில் 210 கிராம் குறைந்துவிட்டது. எஞ்சின் இருந்த இடம் ஈர்ப்பு மையத்துக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் என்று வைத்துக்கொண்டால், 200 கிராம் பேட்டரி அதை ஈடுகட்ட மையத்திலிருந்து 26 சென்டிமீட்டர் முன்னால் போய் உட்காரவேண்டும். அதாவது மோட்டார் திருகப்படும் பலகையை முட்டிக்கொண்டு. அங்கே இடமில்லை என்றால், ஈயத்தை ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. செத்த எடையைச் சுமந்து பறப்பதைப் போல எரிச்சலூட்டுவது இந்தப் பொழுதுபோக்கில் எதுவும் கிடையாது.

இந்தக் கண்ணோடு மூன்றையும் பாருங்கள். ரேடியோ குவீன் முதல் நாளிலிருந்தே ரேடியோவுக்காகக் கட்டப்பட்டது. வால்வு வைத்த அக்கால வாங்கிக் கருவியும் அதன் கனத்த பேட்டரிகளும் உள்ளே போகவேண்டும் என்பதால் உடல் ஒரு சின்னப் பெட்டகம் போல விசாலமானது. இன்றைய லித்தியம் பேட்டரியை அதில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஜூனியர் 60-க்குச் சதுரமான மூக்கு, கண்ணாடி வைத்த கேபின், நேரான பக்கங்கள். கைப்பிடி அளவு பேட்டரி மூக்கில் சுகமாகப் படுக்கும். பிளேபாய் சீனியர் வேறு சாதி. இறக்கை உடலின்மேல் நேரடியாக உட்காராமல், ஒரு மெல்லிய தூணின்மேல் உயர்ந்து நிற்கும். கார்ல் கோல்ட்பெர்க் 1938-இல் தன் ஸிப்பர் விமானத்தில் புகழ்பெறச் செய்த பாணி இது. உடல் ஒல்லி, மூக்கு இன்னும் ஒல்லி. பேட்டரிக்கு இடம் தேடுவது, பஸ்ஸில் மூன்றாவது ஆளாக ஒண்டிக்கொள்வது போல.

பிளேபாயில் அதைவிடப் பெரிய சிக்கல் வாலில் இருக்கிறது. அது யாரும் கட்டுப்படுத்தாமல் தானே பறக்கப் பிறந்த போட்டி விமானம். எஞ்சின் சில நொடிகள் ஓடும். விமானம் சரசரவென்று ஏறும். எஞ்சின் நின்றதும் மிதந்து இறங்கும். யார் அதிக நேரம் மிதந்தார்களோ அவர்களுக்கு வெற்றி. அந்த மிதப்புக்காக வாலின் குறுக்குவெட்டையும் இறக்கை போலவே வளைத்து, அதுவும் கொஞ்சம் எடையைத் தூக்கும்படி செய்தார்கள். அதனால் ஈர்ப்பு மையம் வெகு பின்னால் போய்விடும். தானே பறக்கையில் அது சரி. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, சற்று வேகமாக இறக்கினால் வால் மேலும் தூக்கும், மூக்கு மேலும் கவிழும், வேகம் மேலும் கூடும். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) இழுக்கத் தெரியாதவர் அங்கேயே முடிந்தார். வாலைத் தட்டையாக்கி, மையத்தை இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் குணம் மாறும். ஆனால் அப்போது மூக்கில் இன்னும் எடை வேண்டும், மூக்கிலோ இடமில்லை. சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லை.

எந்த வடிவமானாலும் பொருந்துகிற ஒரு விதி: வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் சுமார் மூன்று கிராம் கேட்கும், ஏனென்றால் வால் அத்தனை தொலைவில் இருக்கிறது. எனவே பால்சாவைக் கடையில் எடை போட்டு வாங்குங்கள். ஈக்வடாரிலிருந்து வரும் இந்த மரம், ஒரே பெட்டியில் இருந்தாலும் பலகைக்குப் பலகை வேறுபடும். 3 மில்லிமீட்டர் தடிமனில் 10 சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள நல்ல இலகுவான பலகை 36 கிராம் இருக்கும். அதன் பக்கத்திலேயே 60 கிராம் பலகையும் கிடக்கும். இலகுவானது வாலுக்கு, கனமானது மூக்குக்கும் உடலின் நீளச் சட்டங்களுக்கும்.

மோட்டார்: எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

மின்மோட்டார்களின் மேல் கே.வி. என்று ஓர் எண் இருக்கும். சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே அது. 1400 என்று போட்டிருந்தால் 800-ஐ விடப் பலசாலி என்று நண்பர் நினைத்திருந்தார். அப்படியல்ல. மிக்சி நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றினாலும் அறைக்குக் காற்று வராது. கூரையில் மெதுவாகச் சுற்றும் மின்விசிறிதான் காற்று தரும். பழைய விமானங்கள் மெதுவாகப் பறப்பவை, தடிமனான சட்டங்களும் வெளியே தெரியும் சக்கரங்களுமாகக் காற்றை நிறையத் தடுப்பவை. அவற்றுக்குப் பெரிய புரொப்பெல்லர் நிதானமாகச் சுற்றவேண்டும்.

ஒரு காலத்தில் இதற்குப் பற்சக்கரப் பெட்டி தேவைப்பட்டது. பிரஷ் வைத்த சின்ன மோட்டார்கள் வேகமாக மட்டுமே சுற்றத் தெரிந்தவை. பல்சக்கரம் வைத்து அவற்றை அடக்கினார்கள். இன்று வெளிச்சட்டி சுழலும் அவுட்ரன்னர் மோட்டார்கள் குறைந்த கே.வி.யில் தாராளமாகக் கிடைப்பதால் பற்சக்கரப் பெட்டி தேவையற்ற சத்தமும் தேய்மானமும்தான். பழைய பாணியில் ரசனை உள்ளவர்கள் வைத்துக்கொள்ளட்டும், நான் வாங்கமாட்டேன்.

ஜூனியர் 60-ஐ 1.7 கிலோவில் முடித்தால், 800 கே.வி. மோட்டார், மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 12-க்கு 6 அங்குல புரொப்பெல்லர் (12 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறும் சாய்வு) போதும். முழு விசையில் சுமார் 23 ஆம்பியர், 250 வாட்டுக்குச் சற்று மேலே. கிலோவுக்கு 150 வாட். இது தேவைக்கு மேலேயே. இவ்வகை விமானம் கிலோவுக்கு 100 வாட்டிலேயே தரையிலிருந்து எழும். 40 ஆம்பியர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சூடேறாமல் நிற்கும். 1400 கே.வி. மோட்டாரைப் போட்டால் 8 அல்லது 9 அங்குல புரொப்பெல்லரைத்தான் சுற்ற முடியும். விமானம் குளவி போல அலறிக்கொண்டு, ஏறவும் தயங்கும். ரேடியோ குவீன் முடியும்போது 3 கிலோவைத் தாண்டும். அதற்கு 500 கே.வி.க்குப் பக்கத்தில் ஒரு மோட்டார், நான்கு செல், 14-க்கு 7. செலவு அப்படியே ஏறத்தாழ இரட்டிப்பாகும்: மோட்டார், பேட்டரி, சார்ஜர் எல்லாமே ஒரு படி பெரியவை.

மோட்டாரை நேராகத் திருகிவிடவும் கூடாது. சற்றுக் கீழ்நோக்கியும் வலப்பக்கமாகவும் சாய்க்கவேண்டும். இல்லையென்றால் விசையைக் கூட்டும்போதெல்லாம் மூக்கு வானத்தைப் பார்க்கும், விமானம் இடப்பக்கம் இழுக்கும். பலகைக்குப் பின்னால் இரண்டு வாஷர் வைத்துச் சாய்ப்பது எனக்குப் பிடித்த வழி. பறந்து பார்த்த பிறகு ஒன்றைக் கூட்டலாம், குறைக்கலாம்.

பேட்டரி

ஜூனியர் 60-க்கு 2200 மில்லி ஆம்பியர் மணி கொண்ட மூன்று செல் பேட்டரி சுமார் 180 கிராம். உள்ளே 24 வாட் மணி ஆற்றல். அதில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் எடுக்கவேண்டும். ஏறும்போது 250 வாட் குடித்தாலும், ஏறியபின் மிதந்து சுற்ற 60 வாட் போதும். கூட்டிக் கழித்தால் பதினான்கு, பதினைந்து நிமிடம். வெப்பக்காற்று கிடைக்கும் நாளில் மோட்டாரை நிறுத்திவிட்டு அதற்கு மேலும் இருக்கலாம்.

என் யோசனை, 2200 வாங்காமல் 3300 வாங்குவது. அது 270 கிராம். கூடுதல் 90 கிராம் மூக்கில்தான் போய் உட்காரப்போகிறது. எப்படியும் அங்கே எடை தேவை. ஈயத்துக்குப் பதில் மின்சாரத்தைச் சுமந்தால் பறக்கும் நேரமாவது கூடும். லேப்டாப்பில் இருப்பது போன்ற உருளை வடிவ லித்தியம் அயன் செல்களையும் சிலர் கோக்கிறார்கள். ஒரே எடைக்கு அதிக ஆற்றல் தருபவை அவை; ஆனால் சட்டென்று நிறைய ஆம்பியர் கேட்டால் வோல்ட் சரிந்துவிடும். ரேடியோ குவீனில் சாவகாசமாகச் சுற்ற அவை நன்று. முதன்முறை கட்டுபவருக்கு லைப்போவே போதும்.

ஒரு வசதிக்காக மட்டும் கெஞ்சுவேன்: மூக்கின் மேல்பக்கம் காந்தம் வைத்த ஒரு மூடி. பழைய வரைபடங்களில் அது இருக்காது. அது இல்லாமல், ஒவ்வொரு முறையும் ரப்பர் பட்டைகளைக் கழற்றி இறக்கையைத் தூக்கி பேட்டரி மாற்றுபவர், மூன்றாவது நாளே பறப்பதை விட்டுவிடுவார். மூக்கில் காற்று நுழைய ஒரு துளையும், வயிற்றின் பின்புறம் அதைவிட இருமடங்கு பெரிய வெளித் துளையும் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் லைப்போவை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள்.

வரைபடமா, கிட்டா, யாரோ கட்டிய பழையதா

இந்தக் கேள்விக்கு என் சொந்த அனுபவமே பதில். ஒருமுறை, ஏற்கெனவே கட்டிப் பல ஆண்டுகள் எஞ்சினில் பறந்த ஒரு விமானத்தை மலிவாக வாங்கினேன். கட்டும் வேலை மிச்சம், மோட்டாரை மாட்டினால் போதும் என்ற கணக்கு. எஞ்சின் எரிபொருளில் கலந்த எண்ணெய், மூக்கு மரத்தில் ஊறி அதைக் கருப்பட்டி நிறமாக்கியிருந்தது. எண்ணெய் ஊறிய பால்சாவில் பசை பிடிக்காது என்று படித்திருந்தும், மேலாகத் துடைத்துவிட்டுப் புதுப் பலகையை ஒட்டினேன். நான்காவது பறப்பில் மோட்டார் பலகையோடு சேர்ந்து முன்னால் கழன்று, வயரில் தொங்கியது. விமானம் தப்பித்தது, என் கௌரவம்தான் தப்பவில்லை. ஊறிய மரத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புது மூக்கு கட்டுவதுதான் சரி. அப்படிச் செய்வதென்றால் மலிவு எங்கே போயிற்று?

கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கினால் இறக்கையின் விலா எலும்புகள் லேசரில் வெட்டி வரும். ஜூனியர் 60-க்கு ஃப்ளேர், பென் பக்கிள் போன்ற பிரிட்டிஷ் பெயர்களில் ரேடியோவுக்கெனத் திருத்திய கிட்டுகள் வந்தன. இவ்வடிவம் இத்தனை பேர் கையில் பழகியதற்கு அவையும் காரணம். ஆனால் ஒரு மீட்டர் நீளப் பெட்டியைக் கடல் கடந்து வரவழைத்தால், அஞ்சல் கட்டணமும் சுங்கமும் சேர்ந்து கிட்டின் விலையையே எட்டிப் பார்க்கும். வரைபடத்தை அச்சிட்டு, விலா எலும்புகளை மட்டும் உள்ளூரில் லேசரில் வெட்டிக்கொண்டு, மற்றதைப் பிளேடால் அறுப்பது நம் ஊருக்குத் தோதானது. நண்பர் பிளேடு பிடித்த கைக்காரர் வேறு.

மேலுறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டுத்துணியும் அதை இறுக்கும் டோப் பூச்சும் கண்கொள்ளாக் காட்சி, ஆனால் அந்த வாடை நம் மூக்குக்குத் தலைவலி. இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் பிலிம் இலகுவானது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும். மங்கலான நிறத்தில் வாங்குங்கள். பளபளக்கும் பிலிமைப் போர்த்தினால் 1946 உடனே 2026 ஆகிவிடும்.

தரை, கார், காற்று

நண்பர் பறக்கவிடப்போவது ஊருக்கு வெளியே, வறண்ட ஏரியை ஒட்டிய ஒரு தரிசு. இரண்டு பக்கம் பனைமரம். வைத்திருப்பது சின்ன கார். ரேடியோ குவீனின் 7 அடி இறக்கையை ஒரே துண்டாகக் கட்டினால் அந்தக் காரில் ஏறாது. இரண்டாகப் பிரியும்படி கட்டலாம், ஆனால் இணைப்புக்கம்பி, குழாய், வலுவூட்டல் என்று எடையும் வேலையும் கூடும். ஜூனியர் 60 பின் இருக்கையில் குறுக்காகப் படுத்துவிடும்.

காற்று விஷயத்தில் மூன்றும் ஒரே ரகம்: பயந்தாங்கொள்ளிகள். ரடர் (இடம்-வலம் திருப்பும் வால் மடல்), எலிவேட்டர், விசை என மூன்று கட்டுப்பாடுகள் மட்டுமே. திரும்புவதெல்லாம் மேல்நோக்கி விரிந்த இறக்கையின் புண்ணியத்தில். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது, மிதப்பதற்கென்றே பிறந்த ஒன்றை வெளியே எடுப்பது வம்பு. விடிந்து ஒரு மணி நேரம், பொழுது சாயும்முன் ஒரு மணி நேரம், அதுதான் இவற்றின் நேரம். பெரிய ரேடியோ குவீன் சிறு காற்றைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், உண்மைதான். இந்திய டிரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்குட்பட்டு, கண்பார்வைக்குள் பொழுதுபோக்காகப் பறக்கவிடும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் அரசின் வரைபடத்தில் உங்கள் திடல், முன் அனுமதி வேண்டாத பசுமை மண்டலத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். விமான நிலையத்துக்குப் பக்கம் என்றால் வேறு திடல் தேடவேண்டியதுதான்.

என் தீர்ப்பு

ஜூனியர் 60, வரைபடத்திலிருந்து, 800 கே.வி., மூன்று செல், 12-க்கு 6. முதல் விமானத்துக்கு இதைவிடப் பொறுமையான ஆசான் கிடைக்காது. பனைமரத்தில் மோதினாலும் ஒரு வாரத்தில் ஒட்டிவிடலாம். ரேடியோ குவீன் மோதினால் மூன்று மாத உழைப்பு மரத்தில் தொங்கும்.

ஏற்கெனவே ரேடியோ விமானம் ஓட்டத் தெரிந்தவராக இருந்து, பெரிய வண்டியும் விரிந்த திடலும் இருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு ரேடியோ குவீனைச் சொல்லியிருப்பேன். மூன்றிலும் மின்சாரத்துக்கு உரிமை கொண்டாடும் தகுதி அதற்குத்தான். பிளேபாய் சீனியர், அமெரிக்கப் பழைமை மாதிரிப் போட்டிகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு. அங்கே 1942 முடிவதற்குள் வெளிவந்த வடிவமாக இருக்கவேண்டும் என்ற எல்லை உண்டு. பிளேபாய் அதற்குள் வரும், ஜூனியர் 60 வராது. நம் தரிசில் யாரும் அந்த வருடத்தைக் கேட்கப்போவதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மூக்குக்கு வெளியே பழைய எஞ்சினின் தலை ஒன்று பொம்மையாகத் தெரியவேண்டுமாம். நான் சிரித்தேன், பிறகு யோசித்தேன்: ஈயத்துக்குப் பதில் அதுவும் எடைதானே. உண்மையான பழைய சிலிண்டரையே மாட்டச் சொல்லிவிட்டேன்.

வாலிலிருந்து தொடங்கியிருக்கிறார். சமையலறைத் தராசில் ஒவ்வொரு குச்சியையும் வைத்துப் பார்த்துத்தான் ஒட்டுகிறாராம். நேற்றிரவு தொலைபேசியில் சொன்ன கணக்கு: வால் இதுவரை 58 கிராம்.